சிங்கப்பூரிலிருந்து காவிரிப் படுகைக்கு: எந்த விமான நிலையத்தில் இறங்குவது?

கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று காவிரிப் படுகையில் சொந்த ஊரைக் கொண்ட சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு, நவம்பர் இறுதியையொட்டித் தொடங்கும் பள்ளி விடுமுறைதான் ஊருக்குப் போகும் காலம். சீட்டு எடுக்கும்போது அவர்களுக்கு நான்கு வழிகள் தெரிகின்றன. திருச்சிக்கு நேராகப் பறக்கலாம். சென்னையில் இறங்கி ரயிலிலோ காரிலோ தெற்கே வரலாம். சென்னையிலேயே உள்நாட்டு விமானத்துக்கு மாறித் திருச்சிக்கு வரலாம். கொழும்பு அல்லது கோலாலம்பூரில் விமானம் மாறி வரலாம். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தொலைவையும் பறக்கும் நேரத்தையும் கைப்பேசியில் நொடியில் பார்த்துவிட முடிவதால், பலர் அந்த இரண்டு எண்களோடு கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த இரண்டு எண்களும் இந்த முடிவுக்கு மிகக் குறைவாகவே உதவுகின்றன. சாங்கியில் விமானம் ஏறுவது வரையிலான பாதி எல்லோருக்கும் ஒன்றுதான். வேறுபாடு முழுவதும் தமிழ்நாட்டு மண்ணில் இறங்கிய பிறகும், இடையில் மாறும் விமான நிலையத்திலும்தான் உருவாகிறது.

முதலில் தொலைவைப் பார்த்துவிடலாம். பூமியின் வளைவை ஒட்டி இரண்டு இடங்களுக்கு நடுவே அளக்கக்கூடிய மிகக் குறுகிய பாதையைப் பெருவட்டப் பாதை என்பார்கள். விமானத் தொலைவு என்று தரப்படுவது பெரும்பாலும் அந்த அளவே. அந்தக் கணக்கில் சாங்கியிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,920 கிலோமீட்டர், திருச்சி 2,980, மதுரை 3,015, கோயம்புத்தூர் 3,160. சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே உள்ள வேறுபாடு 60 கிலோமீட்டர் மட்டுமே. மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் அதை ஐந்து நிமிடத்துக்குள் கடந்துவிடும். ஓடுபாதைக்கு முன்னால் இரண்டு மூன்று விமானங்கள் வரிசையில் நின்றாலே அந்த ஐந்து நிமிடம் கரைந்துவிடும். அதோடு, மலாக்கா நீரிணை, சுமத்ராவின் வடமுனை, வங்கக் கடல் ஆகியவற்றின் மேலாக விமானங்கள் வகுக்கப்பட்ட வான்வழித் தடங்களில்தான் செல்கின்றன. ஆகவே உண்மையில் பறக்கும் தொலைவு பெருவட்டக் கணக்கைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

தொலைவைப் படிக்கும்போது அது எந்த அலகில் தரப்பட்டிருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நிலத்தில் வழங்கும் மைல் 1.609 கிலோமீட்டர், விமானிகள் பயன்படுத்தும் கடல் மைல் 1.852 கிலோமீட்டர். சாங்கி–திருச்சித் தொலைவு நில மைலில் சுமார் 1,852 என்றும் கடல் மைலில் சுமார் 1,609 என்றும் வருவது வியப்பான ஒரு தற்செயல். இரண்டு தளங்கள் ஒரே தடத்துக்கு வெவ்வேறு எண்களைக் காட்டினால் பெரும்பாலும் அலகு வேறுபாடே காரணம்.

பறக்கும் நேரத்துக்கு வருவோம். திருச்சிக்கும் சரி, சென்னைக்கும் சரி, வாயிலிலிருந்து வாயில் வரையிலான நேரம் ஏறத்தாழ 4 மணி நேரமும் சில நிமிடங்களும். தொலைவை வேகத்தால் வகுத்தால் மூன்றரை மணி நேரத்தை ஒட்டித்தான் வரும். தரையில் ஊர்வது, மேலேறுவது, இறங்குவதற்காக வேகம் குறைப்பது, தாமதத்தை ஈடுகட்ட நிறுவனங்கள் முன்கூட்டியே சேர்த்துவைக்கும் நிமிடங்கள் ஆகியவை மீதியை நிரப்புகின்றன. சென்னைக்கு வரும் பெரிய அகல உடல் விமானங்கள் திருச்சிக்கு வரும் ஒற்றை இடைவழி விமானங்களைவிடச் சற்று விரைவாகப் பறக்கக்கூடியவை என்றாலும், இந்தத் தொலைவில் அதனால் கிடைக்கும் ஆதாயம் கால் மணி நேரத்தைத் தாண்டுவது அரிது.

காற்றைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். மேற்கே போகும் விமானம் எதிர்க்காற்றில் தாமதமாகும், கிழக்கே வருவது விரைவாக வரும் என்று நாம் கேள்விப்பட்டிருப்பது வடக்கே உள்ள தடங்களுக்குப் பொருந்தும். தென்னிந்தியாவின் மேல், தென்மேற்குப் பருவமழைக் காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை, மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒரு வலுவான காற்றோட்டம் வீசுகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1950களில் அதை ஆராய்ந்து விளக்கினார். அதன் மையம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே இருந்தாலும், விமானங்களின் உயரத்திலும் அந்தக் கிழக்குக் காற்றின் வலு உணரப்படும். எனவே ஜூன் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது நேரம் சற்றுக் குறைவதும், திரும்பும்போது சற்றுக் கூடுவதும் இயல்பு. இதுவும் நிமிடக் கணக்குத்தான். எந்த ஊரில் இறங்குவது என்ற முடிவை இது மாற்றாது.

நிமிடக் கணக்கைவிடப் பெரிய குழப்பத்தைத் தருவது நேர மண்டலம். சிங்கப்பூர் தன் கடிகாரத்தை 1982 ஜனவரி 1 அன்று அரை மணி நேரம் முன்னே நகர்த்திக்கொண்டது முதல், இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. மாலை 6 மணிக்குப் புறப்படும் விமானம் திருச்சிக்கு இரவு 7.40-க்கு வருகிறது என்று சீட்டில் இருந்தால், ஒரு மணி நாற்பது நிமிடப் பயணம் போலத் தோன்றும். உண்மையில் கழிவது நான்கு மணி பத்து நிமிடம். எழுபது வயதுத் தாயாருக்கு அந்த 7.40 என்பது உடலின் கணக்கில் இரவு 10.10. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே வந்திறங்கும் நேரத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டும் என்பதை மீண்டும் கீழே சொல்லப்போகிறேன், ஏனெனில் என் பார்வையில் இந்த ஒப்பீட்டின் கனமான பகுதி அதுதான்.

இனித் தரைவழி. திருச்சி விமான நிலையம் நகரத்தை ஒட்டிப் புதுக்கோட்டைச் சாலையில் இருக்கிறது. அங்கிருந்து தஞ்சாவூர் 60 கிலோமீட்டருக்குள். நான்கு வழிச் சாலை. கும்பகோணமும் மன்னார்குடியும் ஏறத்தாழ 100 கிலோமீட்டர், மயிலாடுதுறை 130-ஐ ஒட்டி. சென்னை விமான நிலையத்திலிருந்து கும்பகோணத்துக்கு ஏறத்தாழ 280 கிலோமீட்டர். தாம்பரம், செங்கல்பட்டு நெரிசலைக் கடந்து, திண்டிவனம், விக்கிரவாண்டி, பண்ருட்டி, நெய்வேலி, சேத்தியாத்தோப்பு என்று வர வேண்டும். வானத்தில் 60 கிலோமீட்டரை மிச்சப்படுத்திக் கொடுத்த சென்னை, தரையில் 180 கிலோமீட்டரைக் கூட்டிவிடுகிறது. வானத்தின் ஒரு கிலோமீட்டரும் சாலையின் ஒரு கிலோமீட்டரும் சமமானவை அல்ல. முதலாவதைக் கடக்க நான்கைந்து நொடி போதும். இரண்டாவதற்கு, ஊர்களுக்கு ஊடாகச் செல்லும் சாலையில், ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆகும்.

யீஷூனில் ஒரு வீட்டு வாசலிலிருந்து கும்பகோணத்தில் ஒரு வீட்டு வாசல் வரை கணக்கிட்டுப் பார்க்கலாம். வீட்டிலிருந்து சாங்கிக்குக் காரில் முக்கால் மணி, பயணப் பதிவு, குடிநுழைவு, காத்திருப்பு என்று இரண்டரை மணி, விமானத்தில் நான்கேகால் மணி, இறங்கியபின் குடிநுழைவுக்கும் பெட்டிகளுக்கும் ஒரு மணி என்று வைத்தால், திருச்சிக்கும் சென்னைக்கும் பொதுவாக எட்டரை மணி நேரம் ஆகிறது. திருச்சியிலிருந்து கும்பகோணத்துக்கு மேலும் இரண்டரை மணி சேர்த்தால் மொத்தம் பதினொன்று. சென்னையிலிருந்து வழியில் ஒரு சாப்பாட்டு நிறுத்தத்தோடு ஆறு முதல் ஏழு மணி சேர்த்தால் பதினைந்தை எட்டுகிறது. இந்த நான்கு மணி நேர வேறுபாட்டைப் பறக்கும் நேரப் பட்டியல் எதுவும் காட்டாது.

சென்னைக்கு ஆதரவாகச் சொல்லத்தக்கவையும் உண்டு, அவற்றைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. சென்னைக்கு விமானங்கள் அதிகம். நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியும், ஒன்று ரத்தானால் இன்னொன்றில் ஏற்றிவிடப்படும் வாய்ப்பும் அதிகம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சென்னைக்குப் பறக்கிறது. அதன் கட்டணத்தில் பெட்டியும் உணவும் அடங்கிவிடுகின்றன. திருச்சித் தடத்தில் இருப்பவை ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போன்ற மலிவுக் கட்டண நிறுவனங்கள். ஸ்கூட்டின் அடிப்படைக் கட்டணத்தில் பெட்டிக்கு இடமில்லை. ஊருக்குப் போகிற குடும்பம் கையை வீசிக்கொண்டு போவதில்லை. ஆளுக்கு ஒரு பெட்டியாவது இருக்கும். ஆகவே பெட்டிக்கும் உணவுக்கும் ஆகும் வெள்ளியைச் சேர்த்த பிறகே இரண்டு கட்டணங்களையும் ஒப்பிட வேண்டும். மறுபக்கத்தில் சென்னைக் கட்டணத்தோடு தொலைதூரக் கார் வாடகையையும் சேர்க்க வேண்டும். நான்கு பேர் கொண்ட குடும்பம் இப்படிக் கூட்டிப் பார்த்தால், முதலில் தெரிந்த விலை வேறுபாடு பல நேரங்களில் திசை மாறிவிடும்.

சென்னையிலிருந்து காருக்குப் பதில் ரயிலில் வர முடிந்தால் கணக்கு வேறாகிறது. விமான நிலையத்துக்கு எதிரேயே திரிசூலம் நிலையம். அங்கிருந்து தாம்பரம் சிறிது நேரத்தில் வந்துவிடும். பகலில் சோழன் விரைவு ரயிலும் இரவில் உழவன் விரைவு ரயிலும் மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூருக்குச் செல்கின்றன. மாலையில் சென்னையில் இறங்குபவர் உழவனில் படுத்துக்கொண்டால் விடியும் பொழுதில் ஊரில் இருப்பார். தனியாகப் போகும் இளைஞருக்கு இதைவிட நல்ல வழி குறைவு. திருச்சி நகருக்கே போகிறவர்களுக்கு 2023 செப்டம்பரில் தொடங்கிய சென்னை எழும்பூர்–திருநெல்வேலி வந்தே பாரத் சுமார் நான்கு மணி நேரத்தில் கொண்டுவந்து விடுகிறது. ஆனால் ரயிலில் இடம் கிடைப்பதுதான் சிக்கல். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னர்தான் திறக்கிறது. விமானச் சீட்டை அதற்கும் முன்பே வாங்கிவிடுகிற நாம், ரயில் இடம் உறுதியாகாத நிலையில் சென்னையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் ரயில் நமக்காகக் காத்திருக்காது என்பதும் உண்டு.

சென்னையில் உள்நாட்டு விமானம் மாறுவது வரைபடத்தில் அழகாகத் தெரியும். திருச்சி வெறும் 295 கிலோமீட்டர், பறப்பது ஒரு மணி நேரம். நடைமுறையில், இந்தியாவில் முதலில் கால்வைக்கும் ஊரிலேயே குடிநுழைவையும் சுங்கத்தையும் முடித்து, பெட்டிகளை எடுத்து, உள்நாட்டு முனையத்தில் மீண்டும் ஒப்படைத்து, மீண்டும் பாதுகாப்புச் சோதனையில் நிற்க வேண்டும். இதற்கு மூன்று மணி நேரம் ஒதுக்காமல் சீட்டு வாங்குவது துணிச்சல். திருச்சிக்கு நேரடி விமானத்தில் இடமே இல்லாத நாளில் மட்டும் இதை எண்ணிப் பார்க்கலாம்.

கொழும்பும் கோலாலம்பூரும் தொலைவுக் கணக்கின் போதாமையை மிகத் தெளிவாகக் காட்டுபவை. சாங்கியிலிருந்து கோலாலம்பூர் சுமார் 297 கிலோமீட்டர், அங்கிருந்து திருச்சி சுமார் 2,690. இரண்டையும் கூட்டினால் நேர்ப்பாதையைவிடப் பத்துக் கிலோமீட்டர்கூட அதிகமில்லை, ஏனெனில் கோலாலம்பூர் கிட்டத்தட்ட நாம் செல்லும் கோட்டின் மேலேயே இருக்கிறது. கொழும்பு வழியில் கூடுதல் சுமார் 190 கிலோமீட்டர். தொலைவைப் பார்த்தால் கோலாலம்பூர் இழப்பே இல்லாத வழி. ஆனால் நேரத்தைப் பார்த்தால், கூடுதலான ஏற்றமும் இறக்கமும் காத்திருப்பும் சேர்ந்து குறைந்தது நான்கு மணி நேரத்தையும், இணைப்பு பொருந்தாத நாளில் அரை நாளையும் விழுங்கிவிடும். கோலாலம்பூரில் இன்னொரு இடரும் உண்டு. திருச்சிக்குப் பறக்கும் ஏர் ஏசியா இரண்டாம் முனையத்திலிருந்து இயங்குகிறது. வேறு பல நிறுவனங்கள் முதல் முனையத்தில் இறங்குகின்றன. வெவ்வேறு நிறுவனங்களின் சீட்டுகளைத் தனித்தனியே வாங்கியவர் மலேசியாவுக்குள் நுழைந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, ரயிலில் மறு முனையத்துக்குப் போய், புதிதாகப் பயணப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால் அதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். அந்த வகையில் கொழும்பு மேலானது: ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் சிங்கப்பூருக்கும் திருச்சிக்கும் மதுரைக்கும் பறப்பதால் ஒரே சீட்டில், பெட்டி நேராகச் சேருமாறு பயணம் செய்யலாம். கொழும்பில் இரண்டு நாள் தங்கிப் போக விரும்புபவருக்கு இது நல்ல வழி. விரைந்து வீடு சேர விரும்புபவருக்கு அல்ல.

மதுரையும் கோயம்புத்தூரும் படுகைக்காரர்களுக்குப் பொருந்துபவை அல்ல என்பதால் நீட்டவில்லை. காரைக்குடிக்குப் போகிறவருக்கு மட்டும் திருச்சியும் மதுரையும் ஏறக்குறைய ஒரே தொலைவில் இருக்கின்றன. எந்த நாளில் எங்கே நேரடி விமானம் உண்டோ அதைப் பிடிக்கலாம். வடக்கே போகப் போகச் சென்னையின் கை ஓங்கும். சிதம்பரத்தில் திருச்சியும் சென்னையும் நெருங்கி வருகின்றன, கடலூரில் ஏறக்குறைய சமமாகின்றன. அங்கே நான் சென்னையையே தேர்ந்தெடுப்பேன்.

இப்போது வந்திறங்கும் நேரம். திருச்சிக்கு வரும் சிங்கப்பூர் விமானங்களில் கணிசமானவை இரவில் இறங்குபவை. இரவு 11 மணிக்குத் தரையைத் தொட்டால், உடலின் கடிகாரத்தில் அது பின்னிரவு 1.30. வெளியே வந்து காரில் ஏறும்போது 2.30 ஆகியிருக்கும், கும்பகோணத்தில் வீட்டுக் கதவைத் திறக்கும்போது சிங்கப்பூரில் 5 மணி. குழந்தைகள் காரில் உறங்கிவிடுவார்கள், ஓட்டுநர் உறங்கக் கூடாது. அவர் பகல் முழுவதும் வேறு சவாரி ஓட்டிவிட்டு வந்தவரா என்பதை நாம் கேட்பதேயில்லை. விளக்கில்லாமல் நிற்கும் நெல் வண்டிகளும், சாலையைக் கடக்கும் மாடுகளும், ஓரத்தில் நடப்பவர்களும் உள்ள சாலையில் அந்த நேரத்தில் பயணம் செய்வதைவிட, நூறு வெள்ளி கூடுதலாகக் கொடுத்துப் பகலில் இறங்கும் விமானத்தை எடுப்பது மேல் என்பது என் உறுதியான கருத்து. அப்படி விமானம் இல்லையென்றால் திருச்சியிலேயே ஓர் இரவு தங்கிக் காலையில் புறப்படலாம். முதியவர்களை அழைத்துச் செல்பவர்களுக்கு இதை நான் பரிந்துரையாக அல்ல, வேண்டுகோளாகவே வைக்கிறேன். 2024 ஜூன் முதல் இயங்கும் திருச்சியின் புதிய முனையத்தில் விமானத்திலிருந்து படியிறங்காமல் நேராக உள்ளே வரும் இணைப்புப் பாலங்கள் இருப்பது அவர்களுக்குப் பெரிய ஆறுதல். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் சீட்டு வாங்கும்போதே பதிவு செய்துவிட வேண்டும்.

டிசம்பரில் மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையின் புயல்களும் பெருமழையும் சென்னை விமான நிலையத்தை முழுமையாக மூடவைத்த நாட்கள் அண்மைக் காலத்திலேயே உண்டு: 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம், 2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கல். கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் திருச்சிக்கு அந்த ஆபத்து குறைவு. ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டை, மன்னார்குடி வட்டாரச் சாலைகள் மரங்கள் விழுந்து அடைபட்டன. விமானம் இறங்கினாலும் வீடு போய்ச் சேர முடியாத நிலை படுகையிலும் வரக்கூடியதே. நவம்பர் 20 முதல் டிசம்பர் 15 வரை போகிறவர்கள் திருமணம் போன்ற நாள் குறித்த நிகழ்ச்சிக்கு ஒரு நாள் முன்னதாகவாவது இறங்குமாறு சீட்டு எடுப்பது நல்லது.

கப்பலில் போன தலைமுறைக்கு இந்தக் கடைசிப் பகுதியின் அருமை தெரிந்திருந்தது. எம்.வி. சிதம்பரம் கப்பலில் ஏறியவர்கள் நாகப்பட்டினத்தில், அதாவது படுகையின் வாசலிலேயே இறங்க முடிந்தது. கடலில் ஒரு வாரம் போனாலும் தரையில் சில மணி நேரம்தான். 1984 பிப்ரவரியில் நேர்ந்த தீ விபத்தோடு அந்தக் கப்பல் ஓய்ந்தபின், நீண்ட காலத்துக்குச் சென்னையே பெரும்பாலோரின் வாசலாக இருந்தது. அந்தப் பழக்கத்தில் இன்றும் சென்னைக்கே சீட்டு எடுப்பவர்கள் தேக்காவில் குறைவில்லை.

எனவே என் தெரிவு இது: தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் குடும்பத்தோடு போகிறவர்கள் பகலிலோ முன்மாலையிலோ இறங்கும் திருச்சி நேரடி விமானத்தை முதலில் தேட வேண்டும், கிடைக்கவில்லை என்றால் இரவு விமானத்தையும் திருச்சியில் ஒரு தங்கலையும், அதுவும் முடியவில்லை என்றால் சென்னையையும் உறுதியான ரயில் இடத்தையும். தனி ஆளுக்கு இந்த வரிசையில் இரண்டாவதும் மூன்றாவதும் இடம் மாறலாம்.

போவதும் வருவதும் ஒரே வழியாக இருக்க வேண்டியதில்லை. மலிவுக் கட்டண நிறுவனங்கள் ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியே விலை வைப்பதால், திருச்சியில் இறங்கிச் சென்னையில் ஏறுவதால் பெரும்பாலும் நட்டம் இல்லை. சென்னையில் உறவினரைப் பார்த்து, தியாகராய நகரில் துணி எடுக்க வேண்டியவர்கள் அப்படியே திட்டமிடலாம். திரும்பும் சீட்டில் மட்டும் சாங்கியில் இறங்கும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். திருச்சியில் இரவு 9 மணிக்குப் புறப்படும் விமானம் சிங்கப்பூரில் பின்னிரவு 3.40-க்கு இறங்கும், அப்போது எம்ஆர்டி ஓடாது, நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை மீட்டர் டாக்சிக் கட்டணம் ஒன்றரை மடங்கு. நள்ளிரவுக்குப் பின் புறப்பட்டு காலை 7 மணியளவில் இறங்கும் விமானமாக இருந்தால் டாக்சிக் காசு மிச்சமாகும், ஆனால் அன்றே வேலைக்குப் போக வேண்டியவர் உறங்காமல்தான் போவார். அவருக்குப் பகல் விமானமும் அதற்காக ஒரு நாள் விடுப்பும் உகந்தவை.